மாடியில் சோலார் ஏறியாயிற்று. இனி யார் பார்த்துக்கொள்வது?

பேனல் மாட்டி முடிந்து, மின்வாரியத்தார் வந்து நெட் மீட்டரும் (வாங்கும் கரண்டையும் திருப்பித் தரும் கரண்டையும் அளப்பது) வைத்துவிட்டுப் போன கொஞ்ச நாளிலேயே அந்த போன் வரும். "வருஷத்துக்கு இவ்வளவு கட்டிடுங்க சார், சோலார நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். கட்டலாமா வேண்டாமா என்று சொல்வதற்கு முன் வீட்டிலிருக்கும் காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவர்கள் விற்க வருவதில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டியதாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம், ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளக் கூடியது. மீட்டரும் கையுறையும் வைத்துக்கொண்டு ஆள் வந்து பார்க்க வேண்டிய வேலைக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று, தமிழ்நாட்டில் பரவலாக வைக்கும் 3 கிலோவாட் ஆன்கிரிட் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும்) அமைப்பை எடுத்துக்கொள்வோம். 540 அல்லது 550 வாட் பேனல் 6, பேனல் தரும் நேர்மின்சாரத்தை (டி.சி) வீட்டில் ஓடும் மாறுமின்சாரமாக (ஏ.சி) மாற்றும் இன்வெர்ட்டர் ஒன்று, டி.சி பெட்டி ஒன்று, ஏ.சி பெட்டி ஒன்று, இடிதாங்கி, மூன்று எர்த் குழி. பேட்டரி கிடையாது. நல்ல வெயில் நாட்களையும் மந்தமான நாட்களையும் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். ஆக 12 யூனிட்.

காகிதங்கள் மூன்று வகை

வாரன்டி, பராமரிப்பு ஒப்பந்தம், காப்பீடு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பலர் காசை விடுகிறார்கள்.

வாரன்டி என்பது பொருளைச் செய்த கம்பெனி கொடுப்பது. பேனலுக்கு இரண்டு வாரன்டி உண்டு. செய்நேர்த்திக் குறைக்கு 10 அல்லது 12 ஆண்டு. உற்பத்தித் திறனுக்கு 25 ஆண்டு. இந்த 25 ஆண்டைக் காட்டித்தான் விற்பார்கள். ஆனால் அதன் பொருள், 25 ஆண்டு முடிவிலும் பேனல் தன் வாட் அளவில் ஏறக்குறைய 80 சதவீதமாவது தரும் என்பது மட்டுமே. கண்ணாடி உடைந்தால் அதில் வராது. மேலே ஏறி மிதித்தால் வராது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் வராது. கழற்றி அனுப்பும் கூலியும் வண்டி வாடகையும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பேனல் வாரன்டி உங்களுக்கு மாட்டிக் கொடுத்தவரைச் சேர்ந்ததல்ல, பேனல் கம்பெனியைச் சேர்ந்தது. மாட்டியவர் நாளை கடையை மூடிவிட்டாலும் உரிமை செல்லும். ஆனால் பில்லில் கம்பெனிப் பெயர், மாடல், ஒவ்வொரு பேனலின் வரிசை எண் எல்லாம் இருக்க வேண்டும். எண் ஸ்டிக்கர் பேனலின் பின்பக்கத்தில் இருந்தால் மாட்டிய பிறகு குனிந்து படிப்பது பெரும்பாடு. வண்டியிலிருந்து இறக்கும்போதே ஆறையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பராமரிப்பு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் வாங்கிப் போட்டிருந்தால் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்), மாட்டிய நிறுவனம் 5 ஆண்டு முழுப் பராமரிப்புத் தந்தாக வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். திட்டத்தின் போர்ட்டலில் இறக்கிய காகிதக் கட்டில் தேடுங்கள். இந்த 5 ஆண்டுக்குள் அதே நிறுவனம் தனியாக ஏ.எம்.சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) விற்க வந்தால், "இலவசப் பராமரிப்பில் இல்லாத எதை இதில் தருகிறீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். தூசி துடைப்பது மட்டும் என்று பதில் வந்தால், அதன் விலை என்னவென்று கீழே கணக்குப் போட்டிருக்கிறது.

காப்பீடு கடைசியில்.

துடைப்பது: எப்போது, எதனால், எப்படி

பேனல் அழுக்காவது எல்லா மாதமும் ஒரே மாதிரி இல்லை. மாசி முதல் வைகாசி வரை மழையும் அதிகம் இருக்காது, தூசியும் அடங்காது. 15 நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். ஆடிக் காற்றில் மண் வாரி அடிக்கும் ஊர்களிலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழையே கழுவிவிடும், பறவை எச்சத்தை மட்டும் பார்த்தால் போதும். போகி முடிந்த மறுநாள் சென்னை மாதிரி ஊர்களில் கண்ணாடியில் விரலை வைத்துப் பாருங்கள், கரி ஒட்டும். கல்குவாரி, செங்கல் சூளை, மண்சாலை பக்கத்தில் இருந்தால் வாரம் ஒருமுறை. கடலோர வீடுகளில் உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, ஈரத்துணியில் வெள்ளையாக வரும்.

நேரம் முக்கியம். காலை வெயில் ஏறுவதற்கு முன், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும்; பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாகக் கறையும் நிற்கும். அதைவிட, அந்த நேரத்தில் ஆறு பேனலும் தொடராக இணைந்து 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி ஓடிக்கொண்டிருக்கும். பட்டால் உயிர் போகும்.

செய்முறை இது.

1. ஏ.சி பெட்டியில் உள்ள சோலார் எம்.சி.பி-யை (கோளாறு வந்தால் தானே விழும் சுவிட்ச்) முதலில் அணையுங்கள். பிறகு இன்வெர்ட்டரின் டி.சி சுவிட்ச். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இதற்குப் பின்னும் வெளிச்சம் இருக்கும்வரை பேனலிலும் கேபிளிலும் வோல்ட் இருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

2. கேபிள் எங்காவது உரிந்திருக்கிறதா, இணைப்புகள் தண்ணீரில் கிடக்கின்றனவா என்று கீழே குனிந்து பாருங்கள். அப்படி இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

3. முதலில் நீளக் கைப்பிடி வைத்த மென்மையான மைக்ரோஃபைபர் மாப்பால் உலர்ந்த தூசியைத் தட்டிவிடுங்கள். பிறகு ஒரு பேனலுக்கு இரண்டு லிட்டர் கணக்கில் தண்ணீர் விட்டு மேலிருந்து கீழாகத் துடைத்து, கார் கண்ணாடிக்குப் போடுகிற ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுங்கள். ஆறு பேனலுக்கும் ஒரு வாளிக்கு மேல் தேவையில்லை.

4. காக்கை எச்சம் காய்ந்திருந்தால் அதன்மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், தானாக இளகி வரும். பிளேடு, பாத்திரம் தேய்க்கும் நார், சோப்புத் தூள், ஆசிட் எதுவும் கூடாது. கண்ணாடிமேல் ஒளியை உள்ளே இழுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. கீறினால் போனது போனதுதான். பிரஷர் வாஷரும் வேண்டாம், சட்ட ஓரத்து ரப்பர் பசைக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

5. கடைசியாகக் கீழ் விளிம்பு.

இந்தக் கீழ் விளிம்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பேனலை 10 முதல் 15 டிகிரி சாய்வில் வைக்கிறார்கள். மழைத்தண்ணீர் முழுக்க வடியாமல் அலுமினியச் சட்டத்தின் உதட்டில் தேங்கிக் காயும். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு அங்கே இரண்டு விரல் அகலத்துக்குச் சேற்றுக் கோடு ஒன்று படிந்துவிடும். பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் செல்கள் தொடராக இணைந்தவை. கடைசி வரிசைச் செல்லில் கால்வாசி மறைந்தால் அந்தக் கீழ்ப்பாதியின் கரண்ட் முழுவதுமே ஏறக்குறைய கால்வாசி இறங்கும். நடுவில் பரவலாகப் படிந்த தூசியைவிட இந்தக் கோடு அதிகம் தின்கிறது. மாப்பால் மேலோட்டமாக இழுத்துவிட்டுப் போகிறவர்கள் விடுகிற இடமும் இதுதான். காசு கொடுத்து ஆள் வைத்தால், வேலை முடிந்ததும் இந்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

தண்ணீரில் இன்னொரு வம்பு உண்டு. போர் தண்ணீர் பல ஊர்களில் கடினநீர். அதை விட்டுவிட்டு வைப்பர் போடாமல் போனால், வாளியில் படிவது போல வெள்ளை உப்பு கண்ணாடியில் படியும். சில மாதத்தில் பால்போல மங்கிவிடும். பிறகு அதை எடுக்க ஆசிட் விற்பவர் வருவார். மழைநீரோ ஆர்.ஓ தண்ணீரோ நல்லது. போர் தண்ணீரைத் தவிர வேறில்லை என்றால் ஒரு சொட்டு நிற்காமல் இழுத்துவிடுங்கள்.

இப்போது விலைக் கணக்கு

நாளைக்கு 12 யூனிட், மாதத்துக்கு 360. தூசியால் 5 சதவீதம் போகிறது என்று வைத்தால் 18 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சம் என்று கொண்டால் மாதம் 108 ரூபாய், ஆண்டுக்கு 1,296. வெறும் துடைப்புக்காக அதற்குமேல் ஒருவருக்குக் கொடுத்தால் நஷ்டம். மாடிக்கு ஏற முடியாத வயதானவர்கள், ஷீட் கூரைமேல் பேனல் உள்ளவர்கள், தனி இரும்புச் சட்டத்தில் எட்டடி உயரத்தில் ஏற்றியவர்கள் நஷ்டத்தைப் பார்க்காமல் ஆள் வைப்பதே சரி. விழுந்தால் ஆகும் செலவு வேறு. அபார்ட்மென்ட் பொதுப் பயன்பாட்டுக்கு 10 கிலோவாட் போட்டிருந்தால் அதே 5 சதவீதம் ஆண்டுக்கு 4,320 ரூபாய். அங்கே ஒப்பந்தம் நியாயமாகும். "நீ பாரு, நான் பாரு" என்று யாரும் பார்க்காமல் போகிற இடமும் அதுதான்.

எண்களை எழுதி வையுங்கள்

பேனல் புதிதாக இருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு நோட்டு போடுங்கள். மேகமில்லாத ஒரு நாள் நண்பகல் 12 மணிக்கு இன்வெர்ட்டர் திரையில் தெரியும் டி.சி வோல்ட், வாட் அளவு, அன்று மாலை மொத்த யூனிட், இந்த மூன்றும் போதும். மாதம் ஒருமுறை அதே மாதிரி நாளில் எழுதுங்கள். ஆப் இருக்கிறதே என்பீர்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றியதும் அது அறுந்து, ஆறு மாதம் கழித்துத்தான் பலருக்குத் தெரிகிறது.

வாட் குறைந்து வோல்ட் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் தூசி அல்லது மந்தமான வானம். வோல்ட்டே இறங்கியிருந்தால் கதை வேறு. ஆறு பேனல் சூடாக ஓடும்போது சுமார் 215 முதல் 225 வோல்ட் காட்டும். பேனலின் பின்பெட்டியில் மூன்று பைபாஸ் டயோடு (நிழல் பட்ட செல்களைத் தாண்டிக் கரண்டைத் திருப்பிவிடும் சின்னப் பாகம்) இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 12 வோல்ட், காணாமல் போகும். துடைத்த பிறகும் நாள் தவறாமல் அதே 12 வோல்ட் குறைவு என்றால் நோட்டைக் காட்டி வாரன்டி கேட்கலாம். "குறைவா வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்பவருக்கும், இரண்டு எண்களைக் காட்டுபவருக்கும் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் மரியாதை வேறு.

கோடையில் உச்சி வெயிலடிக்கும்போது வாட் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். பேனல் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் இழக்கும். 60 டிகிரியில் 12 சதவீதம் போய்விடும். அது பேனலின் சுபாவம்.

நிழலும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். ஆனி மாதம் மாட்டியபோது படாத நிழல், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் தெற்கிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்தும் நீளும். மார்கழியில் ஒரு நாள் காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு மாடியில் நின்று பார்த்துவிடுங்கள். துணிக்கொடியையும் டிஷ் ஆன்டெனாவையும் நகர்த்துவது இலவசம்.

இன்வெர்ட்டர் நின்றால்

கரண்ட் போனால் இதுவும் நிற்கும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் வந்து சில நிமிடத்தில் தானே ஓடும்.

கரண்ட் இருந்தும் நண்பகலில் மட்டும் நின்று நின்று ஓடினால் "ஓவர் வோல்டேஜ்" என்று திரையில் இருக்கிறதா பாருங்கள். தெரு லைனில் 253 வோல்ட்டைத் தாண்டினால் பல இன்வெர்ட்டர்கள் விலகிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். காரணம் இரண்டில் ஒன்று. மீட்டர் பக்கத்திலேயே வோல்டேஜ் அதிகம் என்றால் புகார் மின்வாரியத்துக்கு. மீட்டரில் சரியாக இருந்து இன்வெர்ட்டரில் மட்டும் அதிகம் என்றால், இடையில் போட்ட கேபிள் மெலிது அல்லது இணைப்பு தளர்வு. அதை மாட்டியவர்தான் சரிசெய்ய வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் அலைவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரால் இந்த இரண்டு இடத்தையும் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள்.

மழை பெய்த மறுநாள் காலை "ஐசோலேஷன்" (மின்காப்பு) பிழை காட்டி, வெயில் ஏறியதும் சரியானால், எங்கோ கேபிள் தோல் உரிந்தோ இணைப்பில் ஈரம் புகுந்தோ இருக்கிறது. தானே சரியானது என்று விட்டுவிடாதீர்கள். தளத்தில் கிடக்கும் கேபிளை எலி, அணில் கடித்திருக்கலாம்; சட்ட விளிம்பில் உரசித் தேய்ந்திருக்கலாம்; பேனல் கேபிள்களைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்பிகளை வேறு வேறு கம்பெனியில் வாங்கி ஒன்றோடொன்று செருகியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது பார்க்கச் சரியாகத்தான் பொருந்தும், உள்ளே தொடர்பு தளர்ந்து சூடேறி உருகும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்பியை இழுத்துப் பிரிக்கவே கூடாது; டி.சி தீப்பொறி தானாக அணையாது.

அடுத்து பல்லி. டி.சி, ஏ.சி பெட்டிகளின் அடியில் கேபிள் நுழையும் துளையை மூடாமல் விட்டிருந்தால் இரவில் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி உள்ளே போகும். இரண்டு முனைக்கு நடுவில் உட்கார்ந்தால் அதுவும் போச்சு, எம்.சி.பி-யும் போச்சு. துளைக்குக் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். சில ரூபாய்ப் பொருள், விடுபட்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

காசு கொடுத்துச் செய்ய வேண்டியவை

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். ஆடிக் காற்றுக்கு முன் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்று. வருபவர் இவற்றைச் செய்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பேனலைப் பிடிக்கும் நடுக் கிளாம்பு, ஓரக் கிளாம்பு, கால் போல்ட் எல்லாவற்றையும் ஸ்பானர் வைத்து இறுக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா சென்னையையும், 2018 நவம்பரில் கஜா நாகை, வேதாரண்யம் பக்கத்தையும் அடித்தது நினைவிருக்கும். பேனலின் அடியில் புகுந்த காற்று மேலே தூக்கும். ஒரு கிளாம்பு தளர்ந்திருந்தால் அங்கிருந்துதான் தொடங்கும். சட்டத்தில் வெல்டிங் செய்த இடம், வெட்டிய முனை, துளை போட்ட இடம் மூன்றிலும் துருவைத் தடுக்கும் ஜி.ஐ (துத்தநாக) பூச்சு இருக்காது. அங்கே துரு கண்டால் தேய்த்துவிட்டு ஜிங்க் பெயின்ட் அடிக்க வேண்டும். வெறும் சில்வர் பெயின்ட் துருவை மறைக்கும், நிறுத்தாது.

எர்த் குழி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்: இடிதாங்கிக்கு, பேனல் சட்டத்துக்கு, இன்வெர்ட்டருக்கு. எர்த் டெஸ்டரால் அளந்தால் 5 ஓம்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் ஏறும். குழி மூடியைத் திறந்து மாதம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவதை நீங்களே செய்யலாம்.

பெட்டிகளுக்குள் எஸ்.பி.டி என்ற இடி அலைத் தடுப்பான் இருக்கும். அதில் சின்ன ஜன்னல் ஒன்று. பச்சை இருந்தால் உயிரோடிருக்கிறது, சிவப்பானால் தன் உயிரைக் கொடுத்து இன்வெர்ட்டரைக் காப்பாற்றிவிட்டது. உடனே கார்ட்ரிஜை மாற்ற வேண்டும். கோடை இடிமழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஒப்பந்தம் எழுதினால் அதில் வருகை எத்தனை, புகார் சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள், எஸ்.பி.டி, ஃபியூஸ், எம்.சி.பி, எம்.சி.4 விலை சேர்த்தியா தனியா, வாரன்டியில் போன பேனலைக் கழற்றி மாட்டும் கூலி யாருடையது, ஒவ்வொரு வருகைக்கும் அளந்த எண்களை எழுதித் தருவார்களா என்பது இருக்க வேண்டும். "தேவைப்படும்போது சர்வீஸ்" என்ற ஒரே வரியில் முடித்த காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 5 ஆண்டுப் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டச் சொல்பவரிடமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

காப்பீடு

புயல், இடி, தீ, வெள்ளம் இவற்றில் போனால் வாரன்டியும் உதவாது, பராமரிப்பு ஒப்பந்தமும் உதவாது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பாரத் கிரஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் வீட்டோடு சேர்ந்த அமைப்புகளின் பட்டியலில் சோலார் பேனலும் உண்டு. ஆனால் காப்பீட்டுத் தொகையை வீட்டின் சதுர அடியை வைத்துப் போட்டிருப்பார்கள். சோலாரின் விலையைத் தனியாகச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் கடனுக்காக வங்கி எடுத்த பழைய பாலிசி இருந்தால், பேனல் வைத்ததைக் கடிதமாகத் தெரிவித்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்த்ததற்கான காகிதம்) வாங்குங்கள்.

இரண்டு இடத்தில் கவனம். திருட்டு அந்தப் பாலிசியில் தானாக வராது. புயல், தீ மாதிரியான சேதம் நடந்து 7 நாளுக்குள், அதன் காரணமாக நடந்த திருட்டுக்குத்தான் இடம் உண்டு. சாதாரண நாளில் கேபிளை அறுத்துக்கொண்டு போனால் தனிக் களவுக் காப்பீடு வேண்டும். இரண்டாவது, மின் கோளாறு. ஷார்ட் சர்க்யூட், அதிக வோல்டேஜால் ஒரு மின்கருவி தானே எரிந்துபோனால் அந்தக் கருவிக்கு இழப்பீடு இல்லை என்ற விலக்கு இத்தகைய பாலிசிகளில் வழக்கம். இடியால் வந்த மின் அலையையும் அதில் சேர்த்து எழுதியிருப்பார்கள். "இடிக்கு இருக்கு சார்" என்று ஏஜென்ட் சொன்னால், இன்வெர்ட்டருக்கும் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை ஜன்னலைப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மாடியில் பறக்கக்கூடிய தகரம், பூந்தொட்டி, உடைந்த நாற்காலியைக் கீழே இறக்குங்கள். ஏ.சி, பிறகு டி.சி என்று அணைத்துவிடுங்கள். நான்கு மூலையிலிருந்தும் தேதியுடன் போட்டோ எடுங்கள். புயலுக்குப் பின் எதையும் நகர்த்தாமல் அதே மூலைகளிலிருந்து மறுபடி எடுத்து, பாலிசிக்காரருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். உடைந்த பேனலும் வெளிச்சத்தில் கரண்ட் தரும். தண்ணீரில் கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள். சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பார்க்கும்வரை, அல்லது எழுத்தில் அனுமதி தரும்வரை, கண்ணாடித் துண்டுகளைக்கூடக் கூட்ட வேண்டாம்.